கரும்பலகையும் கரிய பலகையும்
(ஆங்கிலத் தொகைப்பெயர்களின் அசையும் அழுத்தமும் பற்றிய ஓர் ஆய்வு)

கண்டி மாநகரைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்களுள் இரண்டினை முதற்கண் நோக்குவது பயன்தரும். ஒன்று பேராதனை; மற்றொன்று தெல்தெனிய. சிங்கள மொழியில் இவ்விரு பெயர்களுக்கும் ஈற்றுறுப்பு ஒன்றே. 'தெணிய' என்னும் அவ்வுறுப்பு மலைகளுக்கிடையே அமைந்த ஈரத் தாழ்நிலத்தைக் குறிப்பது. ஆயினும் தமிழர் நாவில் இவ்விரு பெயர்களும் இருவேறு கதியினை அடைந்தன. பேராதனை என்பது தமிழோசைக்கு முற்றும் இயைந்து, தன் பொருத்துவாய் தெரியாதவாறு ஒரு சொல்லாகிவிட்டது. சிங்களத்தில் ஐந்து அசைகளாக ஒலிக்கும் அப்பெயர் தமிழில் நான்காகச் சுருங்கியும் விட்டது. தெல்தெனிய என்பதோ இன்றும் 'தெல்', 'தெனிய' என இரண்டாகவே செவியில் விழுகின்றது. இதற்குக் காரணம் தமிழிலக்கணத்திலேயே உண்டு. தமிழ்ச் சொல் ஒன்றினுள் லகர மெய்யின்பின் தகரம் நில்லாது. கல்லும் தூணும் சேருமிடத்துக் கற்றூண் ஆகும். லகரமும் தகரமும் திரியாமல் அடுத்தடுத்து நிற்கக் கேட்குந் தோறும் தமிழ்ச் செவி அவற்றிடையே ஓர் எல்லையை உணர்கின்றது. மூன்றாவதாக நாவலப்பிட்டி என்னும் பெயரையும் சேர்த்து நோக்கலாம். சிங்களத்தில் ஒற்றையாய் நிற்கும் பகரத்தைத் தமிழர் இரட்டித்து, இஃது இருசொற் கூட்டு என்று தம் முறைப்படி முத்திரை இட்டுவிட்டனர்.

சொற்கள் எங்கே பிரிகின்றன, எங்கே இணைகின்றன, இணைந்தமையை வாய் எவ்வாறு செவிக்கு அறிவிக்கின்றது என்னும் வினாக்கள் ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் உரியன அல்ல. ஆங்கிலத் தொகைப்பெயர்களைக் கற்கும் தமிழ் மாணவன் ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் வினாக்களும் இவையே. இவற்றிற்கு நம் பாடசாலைகளில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் விடைகள் இரண்டு. தொகைப்பெயராயின் முதற்சொல்லை அழுத்தி உரைக்க வேண்டும் என்பது ஒன்று. தமிழில் அழுத்தம் என்பதே இல்லை, ஆதலின் தமிழ் மாணவனுக்கு இது கைவராத கலை என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றுக்களும் எவ்வளவிற்கு உண்மை என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில் 'அசை' என்னும் சொல்லினால் நேரும் மயக்கத்தைக் களைதல் வேண்டும். யாப்பிலக்கணம் கற்ற மாணவனுக்கு அசை என்றவுடன் நேரும் நிரையும் நினைவுக்கு வரும். தெல்தெனிய என்பதை யாப்பு நெறியிற் பிரித்தால் தெல், தெனி, ய என மூன்று அசைகளாகி, நேர் நிரை நேர் என நின்று கூவிளங்காய் ஆகும். ஆங்கில நூலார் கூறும் அசையோ ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டது. அவ்வளவையால் இப்பெயர் தெல், தெ, னி, ய என நான்கு அசைகளை உடையது. முன்னதை யாப்பசை எனவும் பின்னதை ஒலியசை எனவும் வேறுபடுத்திக் கூறின் மயக்கம் நீங்கும். யாப்பசையை மனத்திற்கொண்டு ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கும் மாணவன் இரண்டு குற்றொலிகளை ஒன்றாக்கி இடர்ப்படுகின்றான். அன்றியும், ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்கும்போது மெய்ம்மயக்கத்தைத் தவிர்க்க உயிரொலி புகுந்துவிடுகின்றது. 'ஸ்கூல்' என்னும் ஓரசைச் சொல் 'இஸ்கூல்' என ஈரசையாவது யாவரும் அறிந்ததே. அசையின் எண்ணிக்கை பிழைத்தவிடத்து அழுத்தம் வீழ வேண்டிய இடமும் பிழைத்துப்போகும்.

இனி அழுத்தத்தைப் பார்ப்போமாயின், வகுப்பறைச் சுவரிலேயே அதற்கு எடுத்துக்காட்டுத் தொங்குகின்றது. 'பிளாக்போர்ட்' என்பதன் முதலுறுப்பை அழுத்தி, இரண்டாம் உறுப்பைத் தாழ்த்தி உரைத்தால் அது கரும்பலகை. இரண்டையும் தனித்தனி நிறுத்தி, 'போர்ட்' என்பதில் அழுத்தம் மிக உரைத்தால் அது கரிய நிறமுடைய ஏதோ ஒரு பலகை. கரும்பலகை பச்சை நிறமுடையதாகவும் இருக்கலாம். கரிய பலகை கரியதாகவே இருத்தல் வேண்டும். 'கிரீன்ஹவுஸ்' என முன்னழுத்தம் பெற்றால் செடி வளர்க்கும் கண்ணாடி மனை. பின்னழுத்தம் பெற்றால் பச்சை வண்ணம் பூசிய வீடு. 'இங்கிலீஷ் டீச்சர்' என்பதில் முதற்சொல் அழுந்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். பின்சொல் அழுந்தினால் இங்கிலாந்து நாட்டவராகிய ஆசிரியர். முன்னவர் தெல்தெனியவிற் பிறந்தவராயும் இருக்கலாம். பின்னவர் கணிதமும் கற்பிக்கலாம். எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இவை ஒலியில் வேறாகின்றன.

அழுத்தத்தின் இருப்பிடம் தொகைச்சொல்லின் பொருளையே புரட்டிவிடும் என்னும் உண்மை இந்து மரபிற்குப் புதியதன்று. பதஞ்சலி முனிவரின் மாபாடியம், இலக்கணம் கற்பதன் பயன்களைக் கூறும் தொடக்கப் பகுதியிலேயே 'இந்திரசத்துரு' என்னும் சொல்லை எடுத்துக்காட்டுகின்றது. தன் மகன் விசுவரூபனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க எண்ணித் துவட்டா வேள்வி செய்தான். இந்திரனைக் கொல்பவன் வளர்க என்பது அவன் கருத்து. அப்பொருள் தருவதற்கு அத்தொகையின் இறுதியில் உயர்ந்த சுரம் நிற்றல் வேண்டும். உச்சரித்தபோது சுரம் முதலுறுப்பில் நின்றுவிட்டது. ஆகவே தற்புருடத் தொகை வெகுவிரீகித் தொகையாகி, இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன் என்னும் பொருளைத் தந்தது. வேள்வியிற் பிறந்த விருத்திரன் இந்திரனாற் கொல்லப்பட்டான். வேதமொழியின் சுரம் குரலின் ஏற்ற இறக்கம் பற்றியது. ஆங்கில அழுத்தம் முற்றிலும் அதுவே என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே: எழுத்து மாறாதிருக்கத் தொகையின் வகை மாறுகின்றது.

தமிழின் நிலை யாது? தமிழ்ச் சொல்லில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை என்பது உண்மையே. ஆனால் அவ்வேறுபாடே தமிழுக்கு இல்லை என்று அதிலிருந்து முடிவு செய்வது தவறு. எழுத்தால் ஒன்றாகிய புணர்மொழிகள் இசை வேறுபாட்டாற் பொருள் வேறுபடும் என்பதைத் தொல்காப்பியர் புணரியலிற் கூறியுள்ளார். செம்பொன்பதின்றொடி என்பதனைச் செம்பொன் எனப் பிரித்தால் பொன் பத்துத் தொடி. செம்பு எனப் பிரித்தால் செம்பு ஒன்பது தொடி என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். வகுப்பறையிலிருந்தே வேறொன்று காட்டலாம். கரும்பலகை என்பதைக் கருமை, பலகை எனப் பகுத்தால் ஆசிரியர் எழுதும் பலகை. கரும்பு, அலகை எனப் பகுத்தாலோ கரும்பும் பேயும் ஆகிவிடும். 'ஐஸ்கிரீம்' என்பது அசை பிரியும் இடம் மாறியவுடன் 'நான் அலறுகிறேன்' என ஆங்கிலத்தில் ஆகிவிடுவதும் இவ்வகையினதே.

தொகையின் பொருள் எவ்வுறுப்பில் தங்கும் என்பதற்கும் தொல்காப்பியர் வகை செய்துள்ளார். முன்மொழியில் நிற்பது, பின்மொழியில் நிற்பது, இருமொழியிலும் ஒருங்கு நிற்பது, இரண்டிலும் நில்லாது வேறொரு மொழியில் நிற்பது என அவை நான்கு. நுனிநாக்கு என்பது நாக்கின் நுனி ஆதலின் முன்மொழியிற் பொருள் நிற்கின்றது. தேயிலைத் தோட்டம் என்பது தோட்டமே ஆதலின் பின்மொழி. தாய்தந்தை என்பதில் இருமொழி. பொற்றொடி என்பது தொடியையன்றி அதனை அணிந்தாளைக் குறித்தலின் அன்மொழி. இந்நான்கும் ஆங்கிலத்திற்கு அப்படியே பொருந்துகின்றன. 'பாஸர்பை' என்னும் வழிப்போக்கன் முன்மொழி. 'டீபாட்' என்னும் தேநீர்க் கெண்டி பின்மொழி. நடிகரும் நாடகக்குழுத் தலைவருமாகிய ஒருவரைச் சுட்டும் 'ஆக்டர் மானேஜர்' இருமொழி. செங்கோட்டு அணிந்த ஆங்கிலப் போர்வீரனைக் குறித்த 'ரெட்கோட்' அன்மொழி. பொற்றொடியை விளங்கிக்கொண்ட மாணவனுக்கு ரெட்கோட் புதியதன்று. முன்னழுத்தம் பெற்றால் வீரன், பின்னழுத்தம் பெற்றால் வெறுஞ் சிவப்புக்கோட்டு என்பது மட்டுமே அவன் புதிதாக அறிய வேண்டுவது.

இங்கே ஒப்புமை ஒன்று புலப்படுகின்றது. ஆங்கிலத்தில் அழுத்தம் செய்யும் தொழிலில் ஒரு பகுதியைத் தமிழில் வல்லெழுத்தின் மிகுதி செய்கின்றது. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தாலான பலகை. ஒரு பகர ஒற்றே பெயரெச்சத் தொடரையும் வேற்றுமைத் தொகையையும் பிரித்துக் காட்டுகின்றது. தயிர்ச்சோறு என உருபும் பயனும் உடன்தொக்கவிடத்து ஒற்று மிகும். சுடுசோறு என்னும் வினைத்தொகையில் மிகாது. செடிகொடி என்னும் உம்மைத்தொகையிலும் மிகாது. ஆங்கிலத்திலும் டீபாட் போன்ற தொகை முன்னழுத்தம் பெற, ஆக்டர் மானேஜர் போன்ற இணைத்தொகை அதனைப் பெறாமை கருதத்தக்கது.

எனினும் ஒப்புமையை அளவுகடந்து நீட்டுதல் ஆய்வுநெறியாகாது. பண்புத்தொகையில் இவ்வொற்றுமை நிலைபெறவில்லை. வெள்ளைத்துணி என்பதில் ஒற்று மிகுவது பெயராதற்கு அடையாளமன்று. எந்த வெள்ளைத்துணிக்கும் அஃது உரியது. அங்கே தமிழ் வேறொரு கருவியைக் கையாளுகின்றது. கரிய பலகை, கரும்பலகை. புதிய நகர், புதுநகர் எனப் பெயரெச்ச வடிவத்தையும் பண்பின் வேர் வடிவத்தையும் அது வேறுபடுத்துகின்றது. ஆகவே ஆங்கிலம் அழுத்தம் என்னும் ஒரே கருவியாற் செய்வதைத் தமிழ் ஒற்றுமிகுதி, பண்புவேர், இசைப்பிரிவு என்னும் பல கருவிகளாற் செய்கின்றது என்பதே பொருந்திய முடிபு.

இனி, தொகைப்பெயராயின் முன்னழுத்தம் என்னும் விதியின் வலிமையை ஆராய்தல் வேண்டும். அமெரிக்க அறிஞர் புளூம்பீல்ட் 1933-இல் வெளியிட்ட 'மொழி' என்னும் நூலில் அழுத்தத்தையே தொகைக்கு அளவுகோலாகக் கொண்டார். டென்மார்க்கு அறிஞர் யெஸ்பெர்சன் இதனை ஏற்கவில்லை. தலைமையாசிரியரைக் குறிக்கும் 'ஹெட்மாஸ்டர்', கற்சுவராகிய 'ஸ்டோன் வால்' ஆகியவற்றைத் தொகை என்று யாவரும் கொள்கின்றனர். ஆனால் அவற்றில் முன்னழுத்தம் தனித்து நிற்பதில்லை. அழுத்தம் ஒன்றையே அளவுகோலாக்கினால் இவை தொகையல்ல என்று தள்ளவேண்டி வரும் என்பது அவர் தடை. பின்னர் 1968-இல் சோம்ஸ்கியும் ஹாலேயும் தொகைக்கு முன்னழுத்தம், தொடருக்குப் பின்னழுத்தம் என இரு விதிகளை வகுத்து இவ்வேறுபாட்டைத் திட்டவட்டமாக்கினர். அவ்விதிகளின் அழகை மறுக்க இயலாது. ஆனால் யெஸ்பெர்சனின் தடைக்கு அவை விடையாகவில்லை.

விதி தடுமாறும் இடத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கண்டி நகரிற் கொழும்பு வீதி எனத் தமிழில் வழங்குவது ஆங்கிலத்திற் 'கொலம்போ ஸ்ட்ரீட்'. பேராதனை வீதி எனப்படுவது 'பெராதெனிய ரோட்'. ஆங்கிலேயர் வழக்கில் 'ஸ்ட்ரீட்' என முடியும் பெயர்களில் அழுத்தம் முன்னுறுப்பில் நிற்கும். 'ரோட்', 'அவெனியூ' என முடிவனவற்றில் ஈற்றுறுப்பில் நிற்கும். இரண்டும் இடப்பெயரோடு தெருப்பெயர் சேர்ந்த தொகைகளே, பொருளுறவிலும் வேறுபாடில்லை. அவ்வாறே 'ஆப்பிள் பை' என்னும் பண்டத்தில் அழுத்தம் பின்னே. 'ஆப்பிள் கேக்' என்பதில் முன்னே. ஒரு பொருளால் ஆக்கப்பட்டது மற்றொன்று என்னும் உறவுடைய தொகைகள் பெரும்பாலும் பின்னழுத்தம் பெறும் என்று கூறலாம். ஆயினும் 'கேக்', 'ஜூஸ்' என முடிவன அதற்கு விலக்காகின்றன. இங்கோ பிளாக் என்னும் அறிஞர் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் அதனைத் தொடர்ந்தனவும் இத்தடுமாற்றத்தை ஆராய்ந்து, ஒரே ஈற்றுறுப்பினையுடைய தொகைகள் ஒரு குடும்பம்போல் ஒரே அழுத்தத்தை நாடுதலைக் காட்டியுள்ளன. ஆகவே முன்னழுத்தம் என்பது பெரும்பான்மை பற்றிய விதி, முற்றுவிதியன்று. நன்கு கற்ற மாணவன் விதியோடு குடும்பத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அழுத்தம் என்றால் உரக்கக் கூறுதல் என்பதும் திருத்தப்பட வேண்டிய கருத்தே. இங்கிலாந்தில் டெனிஸ் பிரை என்பார் 1955-இலும் 1958-இலும் வெளியிட்ட சோதனைகள், கேட்போர் அழுத்தத்தை உணர்வதற்கு ஒலியின் வலிமையினும் அதன் நீட்சியும் குரலின் ஏற்ற இறக்கமுமே பெரிதும் துணைசெய்கின்றன என்று காட்டின. முதலசையை முழங்கச் செய்து, ஏனைய அசைகளையும் நிறைவாகவே உரைக்கும் மாணவன் அழுத்தத்தைப் பெற்றவனாகான். அழுந்தாத அசை குறுகுதல் வேண்டும். 'போஸ்ட்மன்' என்பதன் ஈற்றுயிர், 'மேன்' எனத் தனித்து நிற்கும்போதுள்ள நிறைவை இழந்து மங்கி ஒலிக்கும். இதனைத் தமிழ் மாணவனுக்கு விளக்குவது கடினமா? குற்றியலுகரத்தை அறிந்தவன் அவன். ஓர் உயிர் தன் மாத்திரையிற் குறைந்து ஒலிக்கும் என்னும் செய்தி அவன் இலக்கணத்தின் தொடக்கப் பாடம்.

இக்குறுகலே தொகைச்சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து தனிச்சொற்களாவதற்கும் காரணமாகும். கிண்ணம் வைக்கும் பலகையாயிருந்த 'கப்போர்ட்' இன்று 'கபர்ட்' என ஒலித்து அலுமாரியைக் குறிக்கின்றது. பகர மெய் எழுத்தில் மட்டும் எஞ்சியிருக்கின்றது. செம்மறியை மேய்ப்போனாகிய 'ஷெப்பர்ட்' என்பதில் 'ஷீப்' என்னும் உறுப்பு உருமாறிற்று. பழைய ஆங்கிலத்தில் அப்பத்தைக் காப்போன் எனப் பொருள்பட்ட 'ஹ்லாப்வெயார்ட்' என்னும் தொகை ஓரசைச் சொல்லாய் 'லோர்ட்' எனக் குறுகி, பிரபுவைக் குறிக்கலாயிற்று. முன்னழுத்தம் பின்னுறுப்பைத் தின்றுவிட்டது எனலாம். அருமருந்தன்ன என்பது அருமந்த ஆயிற்று என நம்மவர் கூறும் மரூஉ வழக்கோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. தமிழ்த் தொகைகளும் ஆங்கிலம் புகுந்து இவ்வாறே தம் பொருத்துவாயை இழந்தன. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று; மிளகுதண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. ஆங்கிலேயன் செவிக்கு அவற்றில் மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பேராதனையிற் 'தெணிய' தமிழர்க்குத் தெரியாதது போன்றதே இது.

இவ்வாய்வினாற் பெறப்படும் பயன் யாது? தமிழிலக்கணம் ஒரு பாடவேளையிலும் ஆங்கிலம் மற்றொரு பாடவேளையிலும் ஒன்றையொன்று அறியாதவைபோற் கற்பிக்கப்படுகின்றன. தொகைநிலைத் தொடர்களின் பெயர்களை மனனஞ் செய்யும் மாணவன் அவற்றைச் செவியாற் கேட்பதில்லை. ஆங்கில அழுத்தக் குறிகளைப் பார்க்கும் மாணவன் அவற்றைத் தன் மொழியறிவோடு தொடர்புபடுத்துவதில்லை. இதனால் நேரும் இழப்பு இருபாலும் உண்டு. வல்லெழுத்து மிகும் இடங்களைப் பொருட்படுத்தாது எழுதுதல் இன்று பெயர்ப்பலகைகளிலும் அச்சிலும் பெருகிவருகின்றது. தந்த பலகைக்கும் தந்தப் பலகைக்கும் வேறுபாடு காணாத செவி, கிரீன்ஹவுஸின் இருவகை ஒலிப்பிலும் வேறுபாடு காணாது. தோட்டப்புற இல்லங்களிலிருந்து முதற் தலைமுறையாக ஆங்கிலம் கற்க வரும் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் கேட்கும் வாய்ப்பில்லை. அப்பிள்ளைக்கு வாய்த்துள்ள முதல் தன் தாய்மொழியே. தமிழில் அழுத்தம் இல்லை என்று கூறி அம்முதலையும் செல்லாததாக்குவது நீதியாகாது. தேயிலைத் தோட்டம் என்பதிலுள்ள தகர ஒற்றைக் கேட்கப் பழக்கி, டீபாட்டின் முன்னழுத்தத்திற்கு அழைத்துச் செல்வதே இயல்பான நெறியாகும்.

தெல்தெனிய இதற்கும் ஓர் எடுத்துக்காட்டினைத் தருகின்றது. 1985-இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தினுள் பழைய நகர் அமிழ்ந்தது. மேட்டுநிலத்தில் வேறு நகர் எழுந்தது. அமைந்த நாளில் அது புதிய நகர். ஆண்டுகள் பல கழிந்தபின் அதனைப் புதியது என்பது நிறையாது. ஆயினும் புதுநகர் என்னும் பெயராக வழங்குமிடத்து அஃது எக்காலத்தும் பொருந்தும். ஆங்கிலத்திலும் 'நியூ டவுன்' எனப் பின்னழுத்தம் பெற்றால் அண்மையில் எழுந்த நகர். 'நியூடவுன்' என முன்னழுத்தம் பெற்ற ஊர்களோ நூற்றாண்டுகள் பழமையுடையனவாகவும் இருக்கலாம். வறட்சிக் காலத்தில் நீர் தாழும்போது பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் வெளித்தோன்றுவதுண்டு. கப்போர்ட்டில் எழுதப்பட்டு ஒலிக்கப்படாத பகரமும் அத்தகையதே. அதனைப் பிழையான எழுத்துக்கூட்டு என்று கடந்துசெல்லாது, அங்கே முன்பு இரு சொற்கள் இருந்தன என்று மாணவனுக்குக் காட்டுவது ஆசிரியர் கடனாகும்.